கரிசல் மண்ணும் இருபத்தோரு அங்குலச் சக்கரமும்

கப்பலூர் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் காசு இல்லை. ஓரத்தில் இருக்கும் குறுகலான தடத்தில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். இந்தச் சாவடி இருக்கும் இடத்தை எதிர்த்துத் திருமங்கலத்துக்காரர்கள் பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு கதை. இங்கே சொல்ல வந்தது, அந்த நாலுவழிச் சாலையிலிருந்து இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே தொடங்கிவிடும் வண்டிப்பாதையைப் பற்றி. மாட்டுவண்டிகள் போட்ட இரட்டைத் தடம். நடுவில் புல், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல்.

என் சித்தப்பா மகள் சிட்கோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடச் சேமிப்பு ஒன்றேகால் லட்சம். போன ஆடியில் வந்து கேட்டாள். "அண்ணே, ஆஃப்ரோடு வண்டி ஒண்ணு எடுக்கணும். எது எடுக்கலாம்?"

சித்தப்பா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார். "ரோடு போடச் சொல்லி மனு மேல மனுவா குடுத்து இப்பத்தான் ரோடு வந்திருக்கு. இவளுக்கு ரோடு இல்லாத எடத்துல ஓட்ட வண்டி வேணுமாம்."

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்தியாவில் மோட்டார் சைக்கிளின் வரலாறே அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

*

எல்லோரும் புல்லட்டிலிருந்து தொடங்குவார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். இன்று சாலையின் ராஜா என்று பேர் வாங்கிய புல்லட் மண்ணில்தான் தன்னை நிரூபித்தது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஸ்விங் ஆர்மோடு 1948-இல் அதன் முன்மாதிரி இங்கிலாந்தின் டிரையல்ஸ் போட்டிகளில் இறங்கியது. பாறையிலும் சேற்றிலும் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டி அது. பின்பக்கம் ஆடினால் பிடிமானம் போய்விடும் என்று நம்பிய காலம். அதே வருடம் இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் புல்லட்டுகள் தங்கப் பதக்கத்தோடு திரும்பின. ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையலை ராயல் என்ஃபீல்டில் வென்றார்.

நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு இதே வண்டியைத்தான் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. மலைப்பாதைக்கென்று வாங்கப்பட்ட வண்டி, ஊருக்குள் வந்ததும் போலீஸ்காரர், பண்ணையார், காண்டிராக்டர் என்று கௌரவத்தின் அடையாளமாக மாறிப்போனது.

அடுத்து மைசூரில் ஐடியல் ஜாவா, 1961-இலிருந்து. ஆறு நாள் போட்டிக் கோப்பையைச் செக்கோஸ்லோவாக்கிய அணிக்குப் பலமுறை வாங்கிக்கொடுத்தது ஜாவாவின் பரம்பரை. வடக்கே எஸ்கார்ட்ஸ், போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியை ராஜ்தூத் என்ற பேரில் போட்டது. பால்காரர்கள் இருபக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு வயல்வரப்பில் ஓட்டிய வண்டி. ஆக, நம்மிடம் வந்த மூன்றின் பூர்வீகத்திலும் மண்பாதை இருந்தது. ஆனால் 'மண்ணில் ஓட்டுவதற்கான வண்டி' என்று ஒன்றை யாரும் இங்கே தனியாக விற்கவில்லை.

ஏன் விற்கவேண்டும்? ரோடே அப்படித்தானே இருந்தது!

*

டிரெயில் பைக் என்கிற சரக்கு பிறந்தது வேறொரு ஊரில், வேறொரு தேவைக்காக. 1968-இல் யமஹா டிடி-1 அமெரிக்காவில் இறங்கியது. 250 சிசி, இலகுவான உடம்பு, உயரமான மட்கார்டு. வாரம் முழுக்கக் கார் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாலைவனத்தில் புழுதி கிளப்புகிறவருக்கான வண்டி. தார்ச்சாலை எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மண்பாதை ஒரு விளையாட்டாக மாறும். வீட்டில் இன்னொரு வண்டி நிற்கிறவன்தான் இதை வாங்குவான்.

இங்கே ஒரு வீட்டுக்கு ஒரே வண்டி. அதில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை எல்லாம் ஏறவேண்டும். இந்தியாவில் விற்கும் பைக்குகளில் பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு தடுப்பும் இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. நம் ஊர் வண்டி யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை அந்தச் சேலைத் தடுப்பு ஒன்றே சொல்லிவிடும்.

1980-களின் நடுவில் ஜப்பான் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்தன. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ். எல்லாம் எடை குறைந்தவை. பெட்ரோலை மிச்சம்பிடிப்பதே பெரிய பேச்சாக இருந்தது. மண்ணில் ஓட்ட ஆசைப்பட்ட பையன்கள் ஆர்எக்ஸ்ஸைக் கழற்றி, சைலன்ஸரைத் தூக்கி, பட்டன் டயர் மாட்டி, கண்மாய்க்குள் இறக்கினார்கள். அந்த வண்டி 1996-இல் நின்றுபோனது.

ஆனால் கப்பலூர்ப் பக்கத்தின் உண்மையான மண்பாதை வண்டி இந்த வரிசையில் எதுவுமே இல்லை. அது டிவிஎஸ் 50.

1911-இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமம், 1980-இல் ஓசூரிலிருந்து இந்த மொபெட்டை வெளியே விட்டது. இந்தியாவின் முதல் இருவர் மொபெட். கியர் இல்லை, கால் வைக்கத் தட்டையான இடம், அங்கே ஒரு மூட்டை. சேற்றில் மாட்டினால் ஒரே ஆள் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். டிரெயில் பைக் உலகத்தில் எடைதான் முதல் எதிரி என்பார்கள். அந்தப் பாடத்தைப் புத்தகம் படிக்காமலே கற்றுக்கொண்டவர்கள் நம் சம்சாரிகள்.

கரிசல் இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் மழைநாளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கரிசல் ஈரமானால் களிம்பு. டயரோடு ஒட்டி ஏறி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தை நிறுத்தியே விடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் பத்தடி போனால் மறுபடி அடைக்கும். சித்தப்பா 1993-இல் ஒரு ஐப்பசியில் ஆத்திரம் தாங்காமல் தன் டிவிஎஸ் 50-யின் முன் மட்கார்டை அறுத்தே எறிந்துவிட்டார். முகமெல்லாம் சேறு தெறிக்கும், ஆனால் வண்டி நிற்காது. டிரெயில் பைக்கில் முன் மட்கார்டு டயரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பறவை மூக்குபோல மேலே நிற்கிறதே, அது அழகுக்கு வைத்தது இல்லை. சித்தப்பா ரம்பத்தால் செய்ததை அவர்கள் வரைபலகையில் செய்தார்கள்.

மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு உயரம்? சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழும், பெரிய சக்கரம் பள்ளத்தின் மேலேயே உருண்டு போகும். டிரெயில் பைக்கின் முன்சக்கரம் இருபத்தோரு அங்குலமாக இருப்பதற்கும் இதே கணக்குதான்.

*

நாலுவழிச் சாலைகள் வந்து, கிராமத்துக்கும் தார் போட்ட பிறகு, இங்கேயும் மண்பாதை விளையாட்டாக மாறத் தொடங்கியது. 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. 150 சிசி, உயரமான உடம்பு, விலை அறுபதாயிரத்துச் சொச்சம். சில வருடங்களில் சத்தமில்லாமல் நிறுத்தப்பட்டது. 2015-இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2016-இல் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 411 சிசி, எடை 190 கிலோவுக்கு மேல். 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒரு லட்சத்துக்கும் கீழே, 97,000 ரூபாய்க்கு இறங்கியது. இருபத்தோரு அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரையிடைவெளி, எடை 154 கிலோ. சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலையில் ஒரு முழு டிரெயில் பைக் இந்தியாவில் நிலைத்து நின்றது அப்போதுதான் என்பேன். டிடி-1 வந்து ஐம்பத்தோரு வருடம் கழித்து.

2025 செப்டம்பரில் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேலுள்ளவற்றுக்கு 40. அரசும் சின்ன வண்டியைத்தான் எடுக்கச் சொல்கிறது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டுதான் தங்கச்சிக்குப் பதில் சொன்னேன்.

"சிசியப் பாக்காத. எடையப் பாரு. கீழ விழுந்தா நீயே தூக்கி நிறுத்தணும், கூட ஆள் இருக்க மாட்டாங்க."

"சீட்டு உசரம்ணே. 823 மில்லிமீட்டராம். எனக்கு ரெண்டு காலும் முழுசா எட்டாது."

"ஒரு கால் எட்டுனாப் போதும். பழகிக்கலாம்."

புது எக்ஸ்பல்ஸ் 210 வந்தபோதே ஷோரூம் விலை ஒன்றேமுக்கால் லட்சம். அது ஆகாது. அதனால் பழைய 200-ஐத் தேடினோம். மண்ணில் அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, ரிம் கோணியிருக்கிறதா, ஏதாவது ஸ்போக்ஸ் லூஸாக இருக்கிறதா, பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் ஆடுகிறதா, என்ஜினுக்கு அடியில் கல் பட்ட காயம் எவ்வளவு ஆழம், ஆர்சி புத்தகத்தில் கடன் பாக்கி ஏறியிருக்கிறதா. நாலு வண்டி பார்த்து மூன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொண்ணூறாயிரத்துக்கு ஒன்றை முடித்தோம். மிச்சப் பணத்தில் பாதி ஹெல்மெட், பூட்ஸ், முட்டி கார்டுக்கு. மீதி பேர் மாற்றவும் இன்சூரன்ஸுக்கும். கடைசியாக ஒரு ஸ்பேர் டியூப், பஞ்சர் சாமான், கைப்பம்பு. சீமைக்கருவேல முள்ளுக்கு நூறு சிசியும் ஒன்றுதான், ஆயிரம் சிசியும் ஒன்றுதான்.

ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டேன். இந்தப் பக்கம் மொட்டைப்பாறை எதைப் பார்த்தாலும் பையன்கள் வண்டியை ஏற்றப் பார்க்கிறார்கள். அதில் பல, சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கும் குன்றுகள். இரண்டாயிரம் வருடமாக அழியாத எழுத்து, பட்டன் டயருக்குத் தாங்காது. காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. விதைத்த காட்டில் இறங்கினால் அடி விழும், விழவும் வேண்டும். வண்டிப்பாதை, வற்றிய கண்மாய், அறுப்பு முடிந்த தரிசு, இதுவே ஓர் ஆயுசுக்குப் போதும்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சித்தி சேலைத் தடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "நானும் உக்காரலாம்போல" என்றாள். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து, முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

"ம்... மண்ணு அடைக்காது" என்றார்.