சிட்னி உள்ளாட்சிகளின் இயற்கைப் பாதுகாப்பு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தலைநகரான சிட்னியில் ஆற்றங்கரைகளையும் கடற்கரைகளையும் நகருக்குள் எஞ்சிய புதர்க்காடுகளையும் பராமரிக்கும் அன்றாடப் பொறுப்பில் பெரும்பகுதி ‘கவுன்சில்’ எனப்படும் உள்ளாட்சி மன்றங்களைச் சேர்ந்தது. தேசியப் பூங்காக்கள் மாநில அரசின் வசம் உள்ளன. கவுன்சில்களின் அதிகாரம் மாநிலச் சட்டம் வழங்குவது. அதைக் காப்புக்குப் பயன்படுத்த வைத்ததில் குடிமக்களின் பங்கு பெரிது.

தொடக்க காலம்

சிட்னிக்குத் தெற்கே 1879இல் தேசியப் பூங்கா அமைந்தபோதும், நகருக்குள் இருந்த ஓடைப் பள்ளங்களும் அலையாத்திச் சதுப்புகளும் வெற்றிடங்களாகவே கருதப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கவுன்சில்களே பல இடங்களில் அவற்றைக் குப்பை கொட்டி நிரப்பி, மேலே விளையாட்டுத் திடல்கள் அமைத்தன.

கெல்லிஸ் புஷ்

1971இல் ஹன்டர்ஸ் ஹில் பகுதியில் பரமட்டா ஆற்றங்கரையிலிருந்த கெல்லிஸ் புஷ் என்னும் சிறு காட்டில் வீடுகள் கட்ட ஏ.வி. ஜென்னிங்ஸ் நிறுவனம் முனைந்தது. அப்பகுதிப் பெண்கள் 13 பேர் எதிர்த்து நின்று, கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் உதவியை நாடினர். ஜாக் மண்டே தலைமையிலான அச்சங்கம் அங்கு வேலை செய்ய மறுத்தது. மீறிக் காட்டில் கை வைத்தால், அதே நிறுவனம் நகரில் கட்டிவந்த அலுவலகக் கட்டடம் பாதியிலேயே நிற்கும் என்றும் தொழிலாளர்கள் எச்சரித்தனர். ‘பசுமைத் தடை’ என்று பின்னர் பெயர் பெற்ற போராட்டங்களில் இதுவே முதலாவது. 1983இல் மாநில அரசு நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது.

பிராட்லி முறை

மாஸ்மன் பகுதியைச் சேர்ந்த எய்லீன் பிராட்லி, ஜோன் பிராட்லி சகோதரிகள் 1960களில் காட்டு மீட்பு முறை ஒன்றை உருவாக்கினர். களைகளை ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்த்தால் அவை முன்னிலும் அடர்ந்து வளர்வதை அவர்கள் கவனித்திருந்தனர். ஆகவே, காடு நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கிக் கெட்ட பகுதியை நோக்கி நகர்ந்தனர். களையைக் கையால் பிடுங்கி, கிளறிய மண்ணைச் சருகால் மூடி, நாட்டுத் தாவரங்கள் தாமாக முளைக்கும் வேகத்துக்கே வேலையை நடத்தினர். தமிழ்நாட்டு மலைக்காடுகளில் பரவியிருக்கும் உண்ணிச்செடியே அங்கும் முக்கியக் களைகளில் ஒன்று. இன்று பல கவுன்சில்கள் நடத்தும் ‘புஷ்கேர்’ தன்னார்வலர் குழுக்களின் வேலைமுறை இதிலிருந்து வளர்ந்தது.

சட்டங்கள்

1986இல் வந்த மாநிலத் திட்டக் கொள்கை, நகர்ப்புறப் பொது நிலத்திலுள்ள புதர்க்காட்டைக் கவுன்சிலின் ஒப்புதலின்றிக் குலைப்பதைத் தடுத்தது. 1993ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இன்னும் ஆழமானது. கவுன்சிலின் ‘சமூக நிலம்’ என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தை விற்க முடியாது. அதற்கு மேலாண்மைத் திட்டம் வகுத்தாக வேண்டும். புதர்க்காடு, ஈரநிலம், நீரோடை, கரையோரம் ஆகியவை இயற்கைப் பகுதிகளாகத் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. மழைநீர் வடிகால் பணிகளுக்காகத் தனிக் கட்டணம் வசூலிக்கவும் கவுன்சில்களுக்குப் பின்னர் அனுமதி கிடைத்தது.

கடற்கரை

கடற்கரையில் இத்தகைய தெளிவு எட்டப்படவில்லை. வடக்குக் கடற்கரையோரமான காலராய்–நாரபீனில் வீடுகளைக் காக்கத் திட்டமிட்ட கடற்சுவர் மணற்பரப்பை அழித்துவிடும் என்று அஞ்சி, 2002இல் மக்கள் திரளாக மணலில் கைகோத்து நின்றனர். 2016 ஜூன் புயலில் அங்கு கரை அரிக்கப்பட்டு, ஒரு வீட்டு நீச்சல்குளம் பெயர்ந்து மணலில் விழுந்தது. அதன்பின் சுவர் எழுந்தது. எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது. கரையோர மேலாண்மைத் திட்டங்களைக் கவுன்சில்கள் தயாரிப்பதற்கான இன்றைய சட்டமும் 2016இல் இயற்றப்பட்டதே.

ஆறுகள்

ஆறு ஒரு கவுன்சிலின் எல்லைக்குள் அடங்குவதில்லை. மேலே உள்ள பகுதியின் தெருக் குப்பை மழையோடு கீழே உள்ள பகுதிக்கு வந்து சேரும். இதனால் பரமட்டா ஆற்றுப் படுகையின் கவுன்சில்களும் மாநில அமைப்புகளும் 2008இல் கூட்டமைப்பாக இணைந்து, ஆற்றை மீண்டும் நீந்தத் தக்கதாக்குவதை இலக்காக வைத்தன. பரமட்டா ஏரி 2015இலும், கான்கார்டின் பேவியூ பூங்கா 2022இலும் நீந்துவதற்குத் திறக்கப்பட்டன.

மதிப்பீடு

வீட்டுமனை விலை மிக உயர்ந்த இந்நகரில் இவ்வளவு காடு எஞ்சியிருப்பது உள்ளாட்சிப் பாதுகாப்பின் பெரும் வெற்றி. விற்க முடியாத பொது நிலமும் அதை விடாமல் கண்காணிக்கும் அண்டை வீட்டாரும் சேர்ந்த இடங்களில் அது நிலைத்தது. தனியார் மனைகள் கடலை ஒட்டியிருக்கும் இடங்களில் அது இன்றும் தடுமாறுகிறது.