தொடர்வண்டி ஓடாத தீவில் தொடர்வண்டிப் பயணக் கட்டுரை: பள்ளித் தேர்வுக் கட்டுரையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பயணிகள் தொடர்வண்டி இல்லை. அந்தமான் தீவுக்கூட்டத்தில் ஆறு என்று குறிப்பிடத்தக்கது வடக்கு அந்தமானின் கல்போங் ஒன்றே. ஆயினும் இத்தீவுகளில் தமிழ் பயிலும் மாணவர், நம் கட்டுரை நூல்களில் தலைமுறைகளாக இடம்பெற்றுவரும் ‘நான் மேற்கொண்ட தொடர்வண்டிப் பயணம்’, ‘ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுது’ போன்ற தலைப்புகளை மனப்பாடம் செய்து எழுதக் கற்கிறார். கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்கு வந்து திரும்பிய குழந்தைகூடத் தேர்வுத்தாளில் தான் ஏறாத தொடர்வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து வயல்வெளிகளை வருணிக்கிறது.

இதை ஆசிரியரின் குறையென்றோ மாணவரின் குறையென்றோ கொள்வது எளிது. ஆனால் இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் 3,80,581 மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். அவர்களின் பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் அவர்கள் வாழும் நிலம் ஏன் வருவதில்லை என்ற வினாவுக்கு விடை தேட, பள்ளிக் கட்டுரை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

‘கட்டுரை’ என்னும் சொல் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே ‘கட்டுரை காதை’ என்பது பெயர். அங்கே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்வந்து நின்று, நடந்ததன் காரணத்தை அவளுக்கு எடுத்துரைக்கிறது. அச்சொல் அங்கே பொருள் பொதிந்த உரையைக் குறிக்கிறது. அவ்வுரைக்குக் கேட்பவர் ஒருவர் உண்டு; சொல்ல வேண்டிய தேவையும் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூலும் ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் ‘கேட்போர்’, ‘பயன்’ ஆகிய இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. யாருக்காக, எதற்காக என்பவை தெளிவாகாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது அம்மரபின் எதிர்பார்ப்பு.

இன்றைய பள்ளிக் கட்டுரை இந்த மரபின் நேர்வாரிசு அன்று. அது ஐரோப்பிய வடிவம். 1580இல் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தம் உரைநடைப் படைப்புகளுக்கு ‘முயற்சிகள்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். முடிவு தெரியாமல் ஒரு பொருளைச் சிந்தித்துப் பார்க்கும் எழுத்து அது. அந்த வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேர்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது வேறொன்றாக மாறியது. இந்தியக் குடிமைப் பணிக்கு 1855இல் நடந்த முதல் திறந்த போட்டித் தேர்விலேயே ஆங்கிலக் கட்டுரையாக்கம் ஒரு பாடமாக இருந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் மெட்ரிகுலேசன் தேர்வே உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது. அரசுப் பணிக்கான வாயில் அத்தேர்வு. எனவே கட்டுரை, சிந்தித்துப் பார்ப்பதற்குரிய இடமாக இல்லாமல், ஆள்வோரின் மொழியில் பிழையின்றி எழுத முடியும் என்பதற்குரிய சான்றாயிற்று. தமிழில் முதலில் ‘வியாசம்’ என்றும் பின்னர்க் ‘கட்டுரை’ என்றும் வழங்கிய பயிற்சியும் இதே அச்சில் வார்க்கப்பட்டது.

சான்றாக மட்டுமே பயன்படும் எழுத்து விரைவில் வாய்பாடாகிவிடும். விடைக் குறிப்பு நூல்களும் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளும் பெருகின. கர்சன் அமைத்த பல்கலைக்கழக ஆணையம் 1902இல், இந்திய உயர்கல்வியின் மிகப் பெரிய கேடு, தேர்வு கற்பித்தலுக்குப் பணியாமல் கற்பித்தல் தேர்வுக்குப் பணிந்து கிடப்பதே என்று கண்டது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சீனத்தில் அரசுப் பணித் தேர்வுக்குரிய ‘எட்டுக்கால் கட்டுரை’ பல நூற்றாண்டுகளாக ஒவ்வொரு பகுதியின் அமைப்பையும் இறுக்கமாக வரையறுத்திருந்தது. அந்த வடிவத்தை 1901இலும் தேர்வு முறையையே 1905இலும் சீன அரசு கைவிட்டது.

இக்கட்டுரை முறைமீது கூர்மையான திறனாய்வொன்றை முன்வைத்தவர், பின்னாளில் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய பிலிப் ஹார்டாக். 1907இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுப்பிய கருத்தின் சாரம் இது: வாழ்வில் எவரும் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துடன் ஒரு குறிப்பிட்ட வாசகருக்காகவே எழுதுகிறார், பள்ளி மட்டுமே பிள்ளையிடம் ஏதோ ஒன்றைப் பற்றி, எதையாவது, எவருக்காகவோ எழுதச் சொல்கிறது. நன்னூல் கேட்போரையும் பயனையும் வற்புறுத்தியதை அறிந்த நமக்கு இக்குற்றச்சாட்டு புதிதாகத் தோன்றாது.

மதிப்பீட்டின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்குள்ளாயிற்று. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் செய்தனர். 100க்கு அவர்கள் இட்ட மதிப்பெண்களுக்கிடையே 30க்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. இந்தியாவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் செயற்பட்ட இடைநிலைக் கல்வி ஆணையமும் கட்டுரைவகைத் தேர்வில் திருத்துவோரின் தற்சார்பு கலப்பதைச் சுட்டி, புறவயத் தேர்வுகளையும் சேர்க்கப் பரிந்துரைத்தது.

பரிந்துரை நியாயமானதே. ஆனால் அதன்பின் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். குறுவினாக்களும் பலவுள் தெரிவு வினாக்களும் பெருகின. கட்டுரைக்குரிய இடம் சுருங்கியது. கட்டுரையைக் கற்பிக்கும் முறையோ பெரிதும் மாறவில்லை. குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவே ஒரு மேற்கோள் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இவ்வாறு பயின்ற மாணவர் பின்னாளில் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில், இரு கட்டுரைகள் கொண்ட 250 மதிப்பெண் தாளைச் சந்திக்கும்போது, தாம் ஒருபோதும் கட்டுரை எழுதக் கற்கவில்லை என்பதை உணர்கிறார்.

இனி தீவுகளுக்குத் திரும்புவோம். பல்கலைக்கழகங்கள் பிறந்த அதே 1857இன் எழுச்சி ஒடுக்கப்பட்டதன் விளைவாகவே, 1858 மார்ச்சில் ஏறத்தாழ 200 கைதிகளுடன் அந்தமான் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. இத்தீவுகளில் எழுத்து இருவேறு விதமாக வாழ்ந்ததை வரலாற்றில் காணலாம். அவ்விரண்டும் தேர்வுக்காக எழுதப்பட்டவை அல்ல.

முதலாவது, ஒரு நாட்குறிப்பு. சென்னை மாகாணத்திலிருந்து வந்த சமய ஆசிரியர் வேதப்பன் சாலமன், 1890களின் நடுப்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் பள்ளி நடத்தத் தொடங்கினார். அரசின் முகவராகவும் பணியாற்றிய அவர், வந்து செல்லும் கப்பல்கள், தேங்காய் வணிகம், நோய், இறப்பு, விழா, சடங்கு எனக் கண்டவற்றைத் தொடர்ந்து குறித்துவந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அந்தமான் நிக்கோபார் அறிக்கையைத் தயாரித்த ரிச்சர்ட் டெம்பிள், அந்நாட்குறிப்பின் பகுதிகளைத் தம் அறிக்கையில் சேர்த்தார். மானிடவியலார் இன்றும் அவற்றை நாடுகின்றனர். ஒரு மதப் பணியாளரின், ஓர் அரசு முகவரின் பார்வைக்குரிய சாய்வுகள் அவற்றில் உண்டு. அவற்றை நீக்கியே படிக்க வேண்டும். எனினும் நாள், இடம், நிகழ்வு எனக் கண்டதைக் கண்டவாறு பதிவதும், போர்ட் பிளேரில் இருந்து படிக்கும் ஒருவருக்கு விளங்குமாறு எழுதுவதும் அந்த எழுத்தின் வலிமை. சாலமனின் பள்ளியில் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னர் அங்கேயே ஆசிரியராகி, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்து, 1952இல் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக மக்களவைக்குச் சென்றார்.

இரண்டாவது, சிறைக்குள் பிறந்த எழுத்து. செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகள் 1933 மே மாதம் உண்ணாநோன்பு தொடங்கினர். வலிந்து உணவூட்டும் கொடுமையில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர்துறந்தனர். அதன்பின் நூல்களும் நாளிதழ்களும் படிக்கும் வசதி கிடைத்தது. கைதிகள் வரலாறு, பொருளியல், அரசியல் ஆகியவற்றில் தமக்குள் வகுப்புகள் நடத்தினர், விவாதித்தனர், கையெழுத்து இதழ் நடத்தினர். அங்கே ஒருவர் எழுதினால் அதைப் படித்து மறுக்க அடுத்த அறையிலேயே ஆள் இருந்தார். மறுப்பைச் சந்தித்தபின் எழுதப்படும் இரண்டாம் வரைவே வலுவான வரைவு என்பது ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்ததே.

இவ்விரு எழுத்துகளிலும் இருந்து, பள்ளிக் கட்டுரையில் இல்லாமற்போனவை மூன்று: கண்டறிந்த செய்தி, தெரிந்த வாசகர், திருத்தி எழுதும் வாய்ப்பு. கட்டுரைத் திறனை வளர்ப்பது என்பது இம்மூன்றையும் வகுப்பறைக்குள் மீட்பதே என்பது என் துணிபு. தேர்வு முறை மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

‘இயற்கைப் பேரிடர்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். “இயற்கை அன்னை சீற்றம் கொண்டால் மனிதன் என்ன செய்ய முடியும்?” என்று தொடங்கும் கட்டுரையை எந்த மாநிலத்து மாணவரும் எழுதலாம். தீவு மாணவரிடம் வேறு செய்தி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கே இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. வடக்கு அந்தமானிலோ நிலம் உயர்ந்து, பவளப் பாறைத் திட்டுகள் நீருக்கு வெளியே வந்தன. ஒரே நாளில் ஒரு தீவுக்கூட்டத்தின் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்தது என்ற இரண்டு வரிகளே போதும். திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்வார். இன்று பத்தாம் வகுப்பில் இருப்போர் அதன்பின் பிறந்தவர்கள். ஆகவே அவர்கள் பெற்றோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டே எழுத வேண்டும். அவ்வாறு கேட்டறிவதே வரலாற்றுப் பயிற்சியின் முதற்படி.

வகுப்பறையில் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒன்று, வாரம் மூன்று நாள் ஐந்து வரி நாட்குறிப்பு. அதில் உணர்ச்சிச் சொற்கள் வேண்டா. நாள், இடம், கண்டது, கேட்டது, அளவு ஆகியவை போதும். ஓராண்டில் திரளும் நூறு பதிவுகளே மாணவரின் சொந்தக் கட்டுரைக் களஞ்சியம்.

இரண்டு, தலைப்பைப் படித்தவுடன் எழுதத் தொடங்காமல், “இதில் நான் சொல்ல வருவது என்ன?” என்பதை ஒரே தொடரில் எழுதிக்கொள்வது. அத்தொடர் அமையவில்லையெனில் முன்னுரை எவ்வளவு அழகாயினும் பயனில்லை.

மூன்று, வாசகரை வரையறுப்பது. விடைத்தாளைத் திருத்துபவர் இத்தீவுகளைக் கண்டிராத, ஆனால் அறிவார்ந்த ஒருவர் என்று மாணவர் எண்ணிக்கொள்ளட்டும். எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானே தெளிவாகும்.

நான்கு, திருத்தி எழுதுதல். மாதம் நான்கு கட்டுரைகள் எழுதுவதைவிட, ஒரே கட்டுரையை இருமுறை எழுதுவது மேல். திருத்தத்துக்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களே தக்க அளவுகோல். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், நின்று பயனின்மை என்னும் நான்கை மட்டும் கொண்டு மாணவர் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கட்டும். மனப்பாடக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த நான்கிலேயே சிக்கிக்கொள்ளும்.

இதற்கு எழும் மறுப்பு எனக்குத் தெரிந்ததே. “திருத்துபவர் சட்டகத்தைத்தான் பார்ப்பார், புதிதாக எழுதி மதிப்பெண்ணை இழக்கலாமா?” என்று ஆசிரியர்கள் கேட்கின்றனர். ஒரு மதிப்பெண்ணில் ஒரு குழந்தையின் மேற்படிப்பு மாறக்கூடிய சூழலில் இவ்வச்சத்தை எள்ளி ஒதுக்க முடியாது. ஆனால் முன்னுரையையோ உட்தலைப்பையோ எவரும் கைவிடச் சொல்லவில்லை. சட்டகம் அவ்வாறே இருக்கட்டும்; அதனுள் இடும் செய்தி மாணவருடையதாக இருக்கட்டும். கண்டதை எழுதுவதற்கு மனப்பாடத்தைவிடக் கூடுதல் நேரம் ஆவதில்லை. நடுவில் ஒரு வரி மறந்து திகைக்கும் அபாயமும் அதில் இல்லை.

வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு கடமை உண்டு. ‘தொடர்வண்டிப் பயணம்’ என்பதை ‘நீ மேற்கொண்ட ஒரு பயணம்’ என்று மாற்றினால், நீலகிரி மாணவர் மலைப்பாதையையும், கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரின் பெயர்த்தி கப்பலையும் எழுதலாம். தரம் குறையாது.

இறுதியாக, ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் கட்டுரையின் வரலாற்றை எழுத ஆணைய அறிக்கைகள் மட்டும் போதா. பழைய கட்டுரை ஏடுகள், பள்ளிக் கையெழுத்து இதழ்கள், ஆண்டு மலர்கள், வினாத்தாள்கள் ஆகியவையே இதன் மூலச் சான்றுகள். தீவுகளின் ஈரக் காற்றில் தாள் நெடுநாள் நில்லாது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அத்தகைய ஏடு ஒன்றேனும் இருப்பின், அதைப் படமெடுத்து, ஆண்டையும் ஊரையும் குறித்துவையுங்கள்.