கொள்ளைநோயும் கருணையும்: ஜவ்வாது மலையடிவாரத்தின் ஒரு வரலாறு

பரவி அழிக்கும் பிணியைத் தமிழர் ‘கொள்ளைநோய்’ என்றனர். உயிரை மட்டுமன்றி உறவையும் கொள்ளையிடும் நோய் அது. வாந்திபேதி கண்ட வீட்டுக்குப் பந்தங்கள் வருவதில்லை. பெருநோய் கண்டவனுக்கு ஊரே இல்லை. இத்தகைய நாள்களில் ஒரு சமயத்தின் இறைப்பற்று எதைச் செய்கிறது என்பதே அதன் உரைகல் என நாம் கருதுகிறோம். ஜவ்வாது மலையைச் சூழ்ந்த வேலூர், திருப்பத்தூர்ப் பகுதிகளில் கிறித்தவம் இவ்வுரைகல்லில் உரசப்பட்ட வரலாற்றை இங்கே சுருங்கக் காண்போம்.

இந்த உரைகல் பழமையானது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, கிறித்தவர் பலர் நோயாளிகளை விட்டகலாது பணிசெய்து, அந்நோயாலேயே மாண்டனர் என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு தம் மடலில் எழுதினார். இறைவன் தம்மை நோயினின்று காப்பான் என்ற நம்பிக்கை அன்று அது. தம்மைக் காத்துக்கொள்வதினும் பெரியதொன்று உண்டு என்னும் நம்பிக்கை.

நம் பகுதிக்கு வருவோம். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பஞ்சத்தின் பின்னாலேயே காலராவும் வந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், சிறுமியாக அப்பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். மருத்துவ மறைப்பணியாளர் குடும்பத்தில் வந்தவராயினும் அப்பணியை வேண்டாமென்றே முதலில் எண்ணியிருந்தார். பின்னர் மனம் மாறி, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அவர் மருத்துவப் பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. பிளேக், காலரா, தொழுநோய் ஆகிய மூன்றனோடும் அவர் போராட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வினாவைத் தவிர்ப்பது நேர்மையன்று. பசித்தவனுக்குக் கஞ்சியும் பிணியாளனுக்கு மருந்தும் கொடுத்த கை, மறுகையில் வேதத்தையும் ஏந்தியிருந்ததே! பஞ்சத்தை ஒட்டி இப்பகுதியில் பலர் திருமுழுக்குப் பெற்றதும் வரலாறுதான். கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்கும் வரை, கருணை விலைக்கு வந்ததோ என்னும் ஐயம் தீராது. அவ்வையத்தை எந்த வாதமும் தீர்க்கவில்லை. அந்த மேடு பள்ளத்தைச் சமன்செய்த சில செயல்களே ஓரளவு தீர்த்தன.

அவற்றுள் முதலாவது, மருத்துவக் கல்வி. விஷக்காய்ச்சல் இந்தியாவில் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற அதே 1918ஆம் ஆண்டில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா வேலூரில் தொடங்கினார். 1922இல் முதல் அணியின் 14 பெண்களும் தேர்ச்சி பெற்றனர். மருந்தைக் கொடுப்பதினும் மருத்துவரை உருவாக்குவது பெரிய கொடை.

இரண்டாவது, மலையின் மேற்கே திருப்பத்தூரில் 1921இல் எழுந்த கிறிஸ்துகுல ஆசிரமம். தமிழரான மருத்துவர் ஜேசுதாசனும் ஸ்காத்லாந்தியரான மருத்துவர் பாரஸ்டர் பேட்டனும் அதன் நிறுவனர்கள். மக்களுக்கு அவர்கள் ‘பெரியண்ணன்’, ‘சின்னண்ணன்’. தமிழர் பெரியவர், வெள்ளையர் இளையவர் என்னும் அந்த வரிசையை அக்காலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். கதர் உடுத்தி, எளிய உணவுண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களின் பிணியாளரைப் பேணினர். 1932இல் சென்னையில் காவலர் தடியடிக்குச் சின்னண்ணனும் ஆளானார்.

மூன்றாவது, தொழுநோயர் பணி. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார். அவரோடு பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? நலிந்த உடலொன்று நலிந்த உடலொன்றைத் தொட்டது, அவ்வளவே.

இனி மலைமேல் ஏறுவோம். சாமை விளையும் அந்நிலத்தில் வெறுங்காலின் தோல்வழியே உடலுள் புகும் கொக்கிப்புழு, இரத்தத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிச் சோகையைத் தருகிறது. அதை ஊர்முழுதும் ஒழிக்க இயலுமா என்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 2010களின் பிற்பகுதியில் மேற்கொண்ட கள ஆய்வில் ஜவ்வாது மலை ஒன்றியமும் இடம்பெற்றது. மருந்தை வீடுதோறும் கொண்டுசென்று கொடுப்பதே அதன் முறை.

காலராவுக்கு அஞ்சி ஊர் ஓடும். கொக்கிப்புழுவுக்கு அஞ்சி எவரும் ஓடுவதில்லை. ஆகவே அதைத் தேடி எவரும் வருவதுமில்லை. அச்சம் சூழ்ந்த நாளில் உடனிருத்தல் தியாகம் என்று போற்றப்படும். எவரும் அஞ்சாத, எவரும் பேசாத ஒரு நோய்க்காக மலைப்பாதையில் நடப்பதற்குப் புகழும் இல்லை. பக்தி கருணையாக முதிர்ந்ததா என்பதை அறிய, அந்தப் புகழற்ற நடையையே நாம் உரைகல்லாகக் கொள்ள வேண்டும்.