பழக்கிண்ணத்தில் ஒரு சரித்திரம்



கோடை பிறந்துவிட்டால் இன்று பல வீடுகளில் ஒரு பண்டம் செய்யப்படுகிறது. மாம்பழம், வாழைப்பழம், அன்னாசி, திராட்சை, மாதுளை முதலியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் கலந்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, இறுகியதும் எடுத்து உண்கிறோம். பத்து வயதுச் சிறுமியும் செய்யக்கூடிய எளிய காரியம் இது. ஆயினும், ஒரு காலத்தில் தில்லியையும் ஆக்ராவையும் வென்ற சக்கரவர்த்திக்கும் இது எட்டாத பண்டமாயிருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். பழம் நம் நாட்டில் என்றும் இருந்தது, குளிர்ச்சிதான் அரிதாயிருந்தது. அந்தக் குளிர்ச்சி முதலில் யாரிடம் இருந்தது, எவ்வாறு நம் கைக்கு வந்தது என்பதையே இன்று சொல்ல விழைகிறேன்.

நான் குறிப்பிட்ட சக்கரவர்த்தி பாபர். 1526ஆம் ஆண்டு பானிபட்டுப் போரில் வென்று ஆக்ராவை அடைந்த அவர், தம் நினைவுக் குறிப்புகளில் இந்நாட்டில் தமக்குக் குறையாகத் தோன்றியவற்றை ஒரு பட்டியலாகவே எழுதிவைத்தார். அப்பட்டியலில் நல்ல திராட்சையும் முலாம்பழமும் இல்லை என்பது ஒன்று. பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் இல்லை என்பது மற்றொன்று. மாம்பழத்திற்கு மட்டும் இந்நாட்டுப் பழங்களுள் முதலிடம் அளித்தார். பிற்காலத்தில் காபூலிலிருந்து வந்த முலாம்பழம் ஒன்றை அறுத்தபோது, தாய்நாட்டு நினைவு மேலிட்டுக் கண்ணீர் விட்டதாக அவரே எழுதியுள்ளார். நாடுகளை வென்ற வாளால் ஒரு கிண்ணம் குளிர்ந்த பழத்தை வெல்ல முடியவில்லை.

அவருடைய பேரர் அக்பர் காலத்தில் நிலைமை சிறிது மாறிற்று. அபுல் பசல் இயற்றிய ‘அயினி அக்பரி’ என்னும் நூலில் அரண்மனைத் தண்ணீர்ச் சாலையைப் பற்றிய செய்திகள் உள்ளன. வெடிமருந்துக்குப் பயன்படும் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதனுள் குடிநீர்க் குடுவையை வைத்துக் கால்மணி நேரம் அசைத்தால், குடுவையிலுள்ள நீர் குளிரும் என்று அதில் காண்கிறோம். பீரங்கியில் நெருப்பைக் கக்கும் பொருளே குவளையில் குளிர்ச்சியைத் தந்தது! பின்னர் அக்பர் லாகூரில் தங்கியிருந்த காலத்தில், வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டியைப் படகிலும் வண்டியிலும் ஆட்கள் மூலமாகவும் நாள்தோறும் வரவழைத்தனர். செல்வர் ஆண்டு முழுவதும் அதனை நுகர்ந்தனர். ஏனையோர்க்கு அது கோடையில் மட்டுமே கிட்டியது.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் பயணத்தையும் கவனியுங்கள். குடித்தல் என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல் பாரசீகத்தில் ‘ஷர்பத்’ ஆயிற்று. அதுவே துருக்கியர் வழியாக இத்தாலிக்குச் சென்று ‘சொர்பெத்தோ’ ஆகி, பழச்சாற்றை உறையவைத்துச் செய்யும் இனிப்புக்குப் பெயராயிற்று. மற்றொரு கிளை நம்மிடம் வந்து, நன்னாரி வேரோடு சேர்ந்து ‘சர்பத்’ ஆகி நிலைத்தது. நம் ஊர்க் கடைவீதியில் பருகும் நன்னாரி சர்பத்தும், மேல்நாட்டு விருந்தில் பரிமாறும் உறைந்த பழச்சாறும் பெயரளவில் உடன்பிறப்புகளே.

சாற்றைக் குளிர்விப்பது வேறு, உறையவைப்பது வேறு. இந்த வேறுபாட்டை விளக்க, நான் தலைமையாசிரியராக இருந்த கிராமப் பள்ளியில் ஒரு சோதனை செய்து காட்டுவது வழக்கம். ஒரு வாளியில் பனிக்கட்டித் தூளை நிரப்பிக் கல்லுப்பை வாரி இறைப்போம். அதன் நடுவில் மாம்பழச் சாறு நிறைந்த தகரக் குவளையை வைத்து மாணவர்கள் முறைவைத்துச் சுழற்றுவார்கள். அரைமணி நேரத்திற்குள் சாறு குவளையின் ஓரங்களில் இறுகத் தொடங்கும். ஓர் ஆண்டு, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, உப்பைப் போட்டதும் பனிக்கட்டி உருகித் தண்ணீராகத்தானே போகிறது? உருகுகிற பொருள் இன்னொன்றை எப்படி உறையவைக்கும்?” என்று கேட்டான். என் ஆசிரியப் பணியில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளுள் அது ஒன்று.

விடை இதுதான். பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் வேண்டும். சாதாரணமாக அது பூச்சியம் பாகையில் உருகும். உப்புச் சேர்ந்தால் அதற்கும் கீழான குளிரிலேயே உருகும்படி நேர்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது அருகிலுள்ள சாற்றிலிருந்து கவர்ந்துகொள்கிறது. அளவாகக் கலந்தால் பூச்சியத்திற்குக் கீழே 21 பாகை வரை குளிர் இறங்கும். ஆகவே, குளிர் என்பது நாம் உள்ளே புகுத்தும் ஒரு பொருள் அன்று. வெப்பத்தை வெளியே கொண்டுபோவதே குளிர்வித்தல். இவ்வகைக் கலவை ஐரோப்பாவிலும் ஆராயப்பட்டது. 1589இல் நேப்பிள்ஸ் நகரத்து அறிஞர் போர்த்தா, பனியையும் வெடியுப்பையும் கொண்டு திராட்சை மதுவை உறையவைக்கும் முறையைத் தம் நூலில் விவரித்தார். 1843இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி, உப்பும் பனிக்கட்டியும் நிறைந்த வாளிக்குள் கைப்பிடியால் சுழலும் உறைகலத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். எங்கள் பள்ளி வாளி அவருடைய கருவியின் ஏழை உறவினர் என்று சொல்லலாம்.

ஆனால், உப்பு நம் கடலில் உண்டு. பனிக்கட்டிக்கு எங்கே போவது? வடஇந்தியாவில் அதற்கும் ஒரு வழி கண்டிருந்தனர். அலகாபாத்துப் பக்கத்தில், குளிர்கால இரவுகளில் ஆழமற்ற குழி தோண்டி, கரும்புத் தட்டையையும் வைக்கோலையும் பரப்பி, அதன்மேல் சிறிய மண்தட்டுகளில் காய்ச்சி ஆறிய நீரை வைப்பார்கள். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறுவதாலும், மண்தட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதாலும், விடியற்காலையில் தட்டுகளில் மெல்லிய பனிப்படலம் உறைந்திருக்கும். 1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் இலண்டன் இராயல் கழகத்தின் ஏட்டில் இம்முறையை வியந்து எழுதினார். எழுத்தறியாத தொழிலாளர் கைவசம் இருந்த பௌதிக அறிவு அது. எனினும், வெப்பமான சென்னைக் கடற்கரையில் இம்முறை பலிக்கவில்லை.

சென்னைக்குப் பனிக்கட்டி வேறு கண்டத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை அறுத்து, வெப்ப நாடுகளுக்கு விற்க முனைந்தார். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதற் கப்பலை அனுப்பியபோது ஊரார் நகைத்தனர், நட்டமும் வந்தது. அவர் மனந்தளரவில்லை. 1833 மே மாதத்தில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் இருந்தது! வெப்பத்தை எளிதில் கடத்தாத மரப்பட்டைத் தூளும் உலர்புல்லும் செய்த வேலை அது. பின்னாளில் மரத்தூள் அவ்விடத்தைப் பிடித்தது. கப்பலில் பனிக்கட்டியோடு ஆப்பிள் பழங்களும் வந்தன. குளிரும் பழமும் அன்றே ஒன்றாகப் பயணம் செய்தன.

சென்னைக் கடற்கரையில் 1842இல் வட்ட வடிவமான பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அதுவே ‘ஐஸ் ஹவுஸ்’. அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகோட்டிகள் பொங்கும் அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தனர். சுட்டெரிக்கும் மணலில் பனிப்பாறையைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அதைக் கிண்ணத்தில் இட்டுச் சுவைத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்களும் ஒருசில செல்வர்களும். இந்தக் காட்சியை நீங்கள் மறக்கலாகாது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பூகோளம். அதைச் சுமந்தவர் யார், சுவைத்தவர் யார் என்று கேட்பது சரித்திரம். தோரோ என்னும் அமெரிக்க அறிஞர், தாம் வாழ்ந்த வால்டன் குளத்தில் 1846–47 குளிர்காலத்தில் பனி அறுத்ததைக் கண்டு, அக்குளத்து நீரைச் சென்னை மக்களும் பருகுவர் என்று 1854இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் எண்ணிய சென்னை மக்களுள் அந்தப் படகோட்டிகள் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

இந்த வாணிகத்தை முடித்துவைத்தது இயந்திரம். புளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்ற மருத்துவர் ஜான் கோரி, 1851இல் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். செல்வம் அவரைச் சேரவில்லை. ஆயினும் அறிவு பரவிற்று. 1870களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் பனிக்கட்டித் தொழிற்சாலைகள் தோன்றின. பாஸ்டன் கப்பல்களுக்கு வேலை அற்றுப்போயிற்று. ஐஸ் ஹவுஸ் கைமாறி மாளிகையாயிற்று. 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963இல் அது விவேகானந்தர் இல்லம் என்னும் பெயர் பெற்றது. சுற்றுப்புறத்தாரோ இன்றும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

இனி, நம் பழக்கிண்ணத்திற்குத் திரும்புவோம். பழத்தை மெதுவாக உறையவைத்தால் அதனுள் பெரிய பனிப் படிகங்கள் தோன்றித் திசுக்களைக் கிழிக்கும். உருகியதும் பழம் குழைந்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவையாகும். லாப்ரடார் பனிநிலத்து மக்கள் மீனைக் கடுங்குளிரில் நொடியில் உறையவைத்ததைக் கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸை, அதனை இயந்திர முறையாக்கினார். 1930இல் அமெரிக்கக் கடைகளில் உறைந்த பழமும் காய்கறியும் விற்பனைக்கு வந்தன. ஆகையால், வீட்டில் செய்யும்போது பழத்தைச் சிறிதாக நறுக்கி, அகன்ற தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், விரைவில் உறையும். சர்க்கரைப் பாகு, பழம் கல்லைப்போல் இறுகாமல் காக்கும்; எலுமிச்சைச் சாறு வாழைப்பழம் கறுக்காமல் தடுக்கும். காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். குளிர் கிருமிகளை உறங்கச் செய்யுமேயன்றி முற்றிலும் கொல்லாது.

பாபரின் குறையைத் தீர்த்தது அவருடைய வாரிசுகளின் படைபலம் அன்று. மண்தட்டு வைத்த தொழிலாளி, உப்பை ஆராய்ந்த அறிஞர், நோயாளிக்காக வருந்திய மருத்துவர், கைப்பிடி சுழற்றிய பெண்மணி ஆகியோரின் அறிவு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே அதைத் தீர்த்தது. அறிவு பெருகப் பெருகப் பொருளின் விலை குறைந்தது; விலை குறையவே அது பலர் கைக்கும் வந்தது. ஆனாலும் எல்லார் கைக்கும் இன்னும் வந்துவிடவில்லை. இந்தக் கோடையில் உங்கள் வீட்டில் பழம் உறையும்போது, வெயிலில் உழைத்து வாசலுக்கு வருபவர் யாராயினும், அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். அலைகடந்து பனிக்கட்டி சுமந்தவர்களுக்கு அன்று கிடைக்காத கிண்ணம் அது.