பத்து சர்வே நம்பருக்காக ஒரு சட்டம்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'ரெஜி' என்ற சொல் தெரிந்திருக்கும். அரசாங்கத்துக்கு உரிய வியாபாரத்தை எடுத்து நடத்தும் நிர்வாகம் என்று பொருள். மொராக்கோவில் புகையிலை விற்கும் தனி உரிமை 1910-இல் அப்படி ஒரு கம்பெனிக்குப் போனது. 1912-இல் நாடே பிரெஞ்சுக்காரர் பாதுகாப்பில் வந்தது. 'கிஃப்' என்று அங்கே சொல்லும் கஞ்சாவையும் அதே ரெஜிதான் விற்றது. கம்பெனி விற்றால் வியாபாரம், குடியானவன் விற்றால் கடத்தல். 1954-இல் கிஃப் தடை செய்யப்படும் வரை இந்த ஏற்பாடு இருந்தது.

இதெல்லாம் காலனி காலத்தோடு போனது என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 2015-இல் நடந்ததைப் படித்தபோது பழைய ரெஜியே வேறு சட்டை போட்டு வந்ததுபோல் இருந்தது.

அங்கே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க மாநில அரசியல் சாசனத்தையே திருத்தும் ஒரு யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, சுமார் 2 கோடி டாலர் செலவழித்தார்கள். நோயாளிகளுக்கு மருந்து, அரசுக்கு வரி, சிறு அளவு வைத்திருந்ததற்காக இளைஞர்கள் ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாமே நல்ல காரணங்கள்தான்.

ஆனால் வியாபாரத்துக்காகப் பயிரிடுவது பத்தே பத்து நிலங்களில்தான் என்று திருத்தத்தில் எழுதியிருந்தார்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் சர்வே நம்பர் போடுவதுபோல் ஒவ்வொரு நிலத்தின் அடையாளமும் அதில் இருந்தது. பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களுக்குத்தான் அந்த நிலங்கள். அவர்களில் பிரபல கூடைப்பந்து வீரரும் உண்டு, பாடகரும் உண்டு. மற்றவர்கள் வீட்டில் நாலு செடி வளர்க்கலாம், அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு என் மேஜை ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டெண்டர் அறிவிப்பு டைப் அடித்தேன். இன்ன சாலையிலிருந்து இத்தனை தூரத்துக்குள், இத்தனை சதுர அடியில் சொந்தக் கிடங்கு இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. அப்படிக் கிடங்கு ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. மூத்த எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, உனக்கு வேலை டைப் அடிக்கிறது. அதோட நிறுத்திக்க" என்றார். நிறுத்திக்கொண்டேன். ஐம்பது வருடம் ஆகியும் அந்த வரி மனப்பாடமாக இருக்கிறது.

ஒஹையோ மக்கள் என்னைப்போல் வாய் மூடி இருக்கவில்லை. வாக்குச்சீட்டின் தலைப்பிலேயே 'ஏகபோகம்' என்ற சொல் இருந்தது. கஞ்சா சட்டபூர்வமாகவேண்டும் என்று பல வருடம் உழைத்தவர்களிலேயே பலர் எதிர்த்து நின்றார்கள். 2015 நவம்பர் 3-ஆம் தேதி நூற்றுக்கு 64 பேர் வேண்டாம் என்றார்கள். அரசியல் சாசனத்தில் இப்படி ஏகபோகம் நுழைவதைத் தடுக்கும் இன்னொரு திருத்தம் அதே நாளில் நிறைவேறியது.

அவர்களுக்குக் கஞ்சாவே பிடிக்கவில்லை என்று சொல்லமுடியாது. எட்டு வருடம் கழித்து, 2023-இல், வேறு யோசனை வந்தது. பத்து நிலக் கணக்கு அதில் இல்லை. வயது வந்த ஒருவர் வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம். நூற்றுக்கு 57 பேர் சரி என்றார்கள்.

கம்பெனிக்காரர்கள் அதற்காக ஒதுங்கிவிடவில்லை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை உறுதியாக எதிர்த்துவந்த ஒஹையோக்காரர் ஜான் போனர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர், 2018-இல் ஒரு பெரிய கஞ்சா கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. கோப்பு பார்த்தே காலம் கழித்தவன். எந்தச் சட்டம் வந்தாலும் முன்பக்கத்தில் காரணங்கள் அழகாகத்தான் இருக்கும். லைசென்ஸ் யாருக்கு என்பது உள்ளே எங்கேயோ ஒரு நிபந்தனையில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு, நான் அன்று இருந்ததுபோல் சும்மா இருந்துவிடாதீர்கள்.