வாதியே இறங்கி வந்தும் முடியாத வழக்கு

என் வக்கீல் அனுபவத்தில், இரு தரப்பும் சமரசம் என்றால் கட்டு அன்றே மூடப்படும். கமுதிக் கோயில் வழக்கில் அது நடக்கவில்லை.

1897 மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி, தீட்டுக் கழிக்கச் செலவு தர வேண்டும், இனி நுழையக் கூடாது என்று மதுரை சப்கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1899இல் தீர்ப்பு அவர் பக்கம். நாடார்களின் மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, ராஜாவே அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாடார்களை உள்ளே விடாத கோயில் மாமூலை, அதாவது நெடுநாள் வழக்கத்தை, விட்டுக்கொடுக்க அறங்காவலருக்கு அதிகாரமில்லை என்றாகிவிட்டது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது.

கோர்ட் கேட்டதெல்லாம் மாமூலுக்குச் சாட்சி. தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவன், உள்ளே போய்வந்ததற்குச் சாட்சியை எங்கிருந்து கூட்டி வருவான்? சட்ட நுணுக்கத்தில் பழுதில்லாத, நியாயத்தில் ஓட்டை விழுந்த தீர்ப்பு என்பதே என் எண்ணம்.

அந்த மாமூலை உடைக்க 1939லும் 1947லும் சென்னை மாகாணச் சட்டமன்றம்தான் கோயில் நுழைவுச் சட்டங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது.