அஞ்சு ஓட்டு வித்தியாசம்

எக்செல் ஷீட்ல ஒரு வரி டேலி ஆகலைன்னா எனக்குத் தூக்கம் வராது. 19-ஆம் நூற்றாண்டுல ஒருத்தருக்கு ஒரு நாட்டோட கணக்கே டேலி ஆகலை. தாதாபாய் நௌரோஜி.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1855-ல் காமா கம்பெனியின் பங்குதாரராக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அபின், சாராய லாபம் எனக்கு வேண்டாம் என்று விலகி, 1859-ல் சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார்.

இந்த வியாபாரி மூளைதான் விஷயமே. சரக்கு போனா, அதுக்கு ஈடா ஏதாவது திரும்பி வரணும் இல்லையா? அரசாங்கத்தோட சொந்தப் புள்ளிவிவரத்தை வெச்சே பார்த்தார். இந்தியாவிலிருந்து போனது அதிகம், வந்தது குறைவு. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சம்பளம், பென்ஷன், லண்டன் நிர்வாகச் செலவுன்னு செல்வம் வடிஞ்சுக்கிட்டே இருந்தது.

கட்டுரை எழுதினா யார் கேட்பாங்க? செலவை முடிவு பண்ற சபைக்கே போகணும். 1886-ல் ஹோபர்ன் தொகுதியில் தோல்வி. 1888-ல் பிரதமர் சாலிஸ்பரி, ஒரு கறுப்பு மனிதரை பிரிட்டிஷ் தொகுதி தேர்ந்தெடுக்குமான்னு மேடையிலேயே சந்தேகப்பட்டார். அந்தப் பேச்சே நௌரோஜியை நாடு முழுக்கப் பிரபலமாக்கிடுச்சு!

1892, மத்திய ஃபின்ஸ்பரி. ஜெயிச்சார். அறிவிச்ச வித்தியாசம் 5 ஓட்டு. எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் தேர்தல்லகூட இதைவிட அதிகம் வரும். நௌரோஜியை ‘நேரோ மெஜாரிட்டி’ன்னு கிண்டல் பண்ணாங்க.

1895-ல் தொகுதி போச்சு. ஆனா அதே வருஷம் இந்தியச் செலவுகளை விசாரிக்க அமைத்த ராயல் கமிஷனில் அவரும் ஒரு உறுப்பினர்.